பின்னணியை மாற்றுவது எப்படி: கிம்ப்பில் ஒரு தொடக்கப் பாடம்

போட்டோ எடிட்டிங் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "பேக்ரவுண்டை எப்படி மாத்துறது?" என்பதுதான். நியாயமான கேள்வி. கல்யாண மண்டபத்தில் எடுத்த படத்தில் முகம் அருமையாக வந்திருக்கும், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கும். வீட்டிலிருந்து ஊறுகாயோ கைவினைப் பொருளோ விற்பவர், சமையலறை மேடையில் எடுத்த படத்தை அப்படியே விளம்பரத்தில் போட முடியாது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் மலையும் மாளிகையும் தீட்டிய திரைச்சீலைக்கு முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்த காலத்திலிருந்தே இந்த ஆசை நம்மிடம் உண்டு.

இந்த வேலையைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கிறது. ஆளைப் பழைய பின்னணியிலிருந்து வெட்டியெடுப்பது வேலையில் பாதிகூட இல்லை. வெட்டியவரைப் புதிய இடத்தின் வெளிச்சத்தோடு சேர்ப்பதுதான் பெரிய வேலை. இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பலவும் வெட்டுவதோடு நின்றுவிடுகின்றன. படங்கள் ஒட்டவைத்ததுபோல் தெரிவது அதனால்தான். இங்கே சேர்ப்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த மென்பொருள்?

ஃபோட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. இன்றும் தொழில்முறையில் அதுதான் முன்னணி. ஆனால் 2013 முதல் புதிய பதிப்புகளைச் சந்தா கட்டித்தான் பயன்படுத்த முடிகிறது. கற்றுப் பார்க்க நினைப்பவர் மாதாமாதம் பணம் கட்ட வேண்டியதில்லை. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிகளை யாராவது பென் டிரைவில் தந்தால் வாங்காதீர்கள். அவற்றோடு வைரஸும் வருவது சாதாரணமாக நடக்கிறது.

நான் பரிந்துரைப்பது கிம்ப். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995-இல் தொடங்கிய திட்டம் இது. இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்துவருகிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், முழுக்க இலவசம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஒரு பெரிய வசதி சேர்ந்தது: படத்துக்குக் கொடுத்த ஃபில்டரைப் பிறகு திறந்து அளவை மாற்றலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இது பெரிய தைரியம். எனவே பழைய 2.10-ஐ வைத்திருந்தால் 3.0-க்கோ அதற்குப் பின் வந்த பதிப்புக்கோ மாறிக்கொள்ளுங்கள். கிம்ப்பின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

எதையும் நிறுவ முடியாத அலுவலகக் கணினியோ பழைய மடிக்கணினியோதான் இருக்கிறது என்றால், பிரௌசருக்குள்ளேயே ஓடும் ஃபோட்டோபீ இருக்கிறது. அதன் முகப்பு ஃபோட்டோஷாப்பைப் போலவே இருக்கும். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். மெனு பெயர்கள்தான் கொஞ்சம் மாறும்.

கணினிக்கு 8 ஜிபி ரேம் இருந்தால் போதும். டச்பேடில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள், சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். பென் டேப்லெட் இப்போதைக்குத் தேவையில்லை.

படம் எடுக்கும்போதே பாதி வேலை

மாற்றப்போகும் படத்தை நீங்களே எடுக்கிறீர்கள் என்றால் சில விஷயங்களைக் கவனித்துவிட்டால், பிறகு உட்கார்ந்து கஷ்டப்படும் நேரம் மிச்சம். ஆளைச் சுவரோடு ஒட்டி நிற்கவைக்காதீர்கள். நாலைந்து அடி முன்னால் வரச்சொல்லுங்கள். ஒட்டி நின்றால் நிழல் சுவரில் விழும், சுவரின் நிறமும் ஆள்மேல் படியும். பச்சைச் சுவருக்கு முன்னால் எடுத்த படத்தை உற்றுப் பாருங்கள், கன்னத்தின் ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் மெல்லிய பச்சை தெரியும். அந்தப் பச்சையைப் போக்குவது வெட்டுவதைவிடச் சிரமம்.

வெளிர் நிறச் சுவராகப் பாருங்கள். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் கருங்கூந்தல் என்பதால் வெளிர் பின்னணியில் முடியின் இழைகள் தனித்துத் தெரியும். இதை வைத்து ஒரு நல்ல வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

செல்போனின் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். அது பின்னணியை மங்கலாக்கும்போது முடியின் ஓரத்தையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். அப்படி அழிந்த இழையை எந்த மென்பொருளாலும் உள்ளபடி திருப்பித் தர முடியாது. படத்தைக் கணினிக்குக் கொண்டுவரும்போது கேபிள் வழியாகவோ கூகுள் டிரைவ் வழியாகவோ கொண்டுவாருங்கள். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். அதிலேயே அனுப்ப வேண்டுமென்றால் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

திறந்ததும் தெரிந்திருக்க வேண்டியவை

கிம்ப்பைத் திறந்தால் இடப்பக்கம் கருவிகள், வலப்பக்கம் லேயர் பட்டியல், நடுவில் படம். ஏதோ ஒரு விசையைத் தொட்டதும் பக்கவாட்டுப் பலகைகள் மொத்தமாகக் காணாமல்போனால் பதற வேண்டாம், டேப் விசையை ஒருமுறை தட்டுங்கள், திரும்பிவிடும்.

கருவிகள் ஏராளம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கற்க முயல்வதுதான் பலரைப் பாதியில் துரத்திவிடுகிறது. பின்னணி மாற்ற உங்களுக்கு வேண்டியவை கைவிரலில் எண்ணக்கூடியவை: நகர்த்தும் மூவ் கருவி (எம் விசை), அளவை மாற்றும் ஸ்கேல் (ஷிஃப்ட் + எஸ்), கையால் சுற்றி வரையும் ஃப்ரீ செலக்ட் (எஃப்), துல்லியமான கோட்டுக்குப் பாத்ஸ் (ஆங்கில B), வண்ணம் பூசும் பெயிண்ட்பிரஷ் (ஆங்கில P). விசைகள் குழப்பமாக இருந்தால் இடப்பக்கப் படங்களின்மேல் மவுஸை வைத்தால் பெயரும் விசையும் தெரியும். செய்ததைத் திரும்பப் பெறக் கன்ட்ரோல் + இசட்.

லேயர் என்பது கண்ணாடித் தாள்போல. ஒவ்வொரு தாளிலும் ஒரு படம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. மேல்தாளில் வெற்றிடம் இருக்கும் பகுதியில் கீழ்த்தாள் தெரியும். ஆளை மேல்லேயரிலும் புதிய பின்னணியைக் கீழ்லேயரிலும் வைப்பதுதான் பின்னணி மாற்றத்தின் மொத்தத் தத்துவம்.

மாஸ்க் என்பது ஒரு லேயரின் எந்தப் பகுதி தெரியலாம், எது மறையலாம் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம். மாஸ்கில் வெள்ளை பூசிய இடம் தெரியும், கறுப்பு பூசிய இடம் மறையும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். இங்கேதான் தொடக்கத்திலேயே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்: அழிப்பானை எடுக்காதீர்கள். அழிப்பானால் பின்னணியைத் தேய்த்து நீக்கினால் அது போய்விட்டது, நாளைக்குக் காதோரம் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டோம் என்று தெரிந்தால் மீட்க வழியில்லை. மாஸ்கில் மறைத்தது எதுவும் அழிவதில்லை. வெள்ளை பூசினால் அப்படியே திரும்பி வரும்.

முதல் பயிற்சி: ஒரு மாம்பழம்

நேராக முகத்தில் கைவைக்க வேண்டாம். மேசைமேல் ஒரு மாம்பழத்தையோ மண்பானையையோ வைத்துப் படம் எடுங்கள். விளிம்பு தெளிவாக இருக்கும், முடி கிடையாது. குத்துவிளக்கையும் எவர்சில்வர் டம்ளரையும் முதல் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். விளிம்பு எளிதாகத்தான் தோன்றும், ஆனால் அதன் பளபளப்பில் பழைய அறை முழுவதும் பிரதிபலித்துக்கொண்டிருக்கும். பின்னணி மாறினாலும் டம்ளருக்குள் உங்கள் சன்னல் தெரியும்.

படத்தைக் கிம்ப்பில் திறந்ததும், வலப்பக்கம் அந்த லேயரின்மேல் வலது சொடுக்கி 'ஆட் ஆல்ஃபா சேனல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேயருக்கு வெளிப்படைத்தன்மை தருவது இதுதான். பிறகு கன்ட்ரோல் + எஸ் அழுத்தி ஒரு பெயரில் சேமியுங்கள். கிம்ப் தன் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப்பில் சேமிக்கும். லேயர், மாஸ்க் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும்.

இப்போது பாத்ஸ் கருவி. பழத்தின் விளிம்பில் ஒரு புள்ளி சொடுக்குங்கள், கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டைப் பிடித்து இழுத்தால் அது வளையும். இப்படியே சுற்றி வந்து, கடைசியில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு முதல் புள்ளியைச் சொடுக்கினால் வட்டம் மூடும். எவ்வளவு குறைவான புள்ளிகளோ அவ்வளவு வழவழப்பான கோடு. விளிம்புக்கு மேலே வரையாமல் ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே தள்ளி வரையுங்கள். வெளியே போனால் பழைய பின்னணியின் மெல்லிய கோடு பழத்தைச் சுற்றி ஒளிவட்டமாக வந்துவிடும். என்டர் தட்டினால் பாதை செலக்‌ஷனாக மாறும், விளிம்பில் எறும்பு ஊர்வதுபோன்ற புள்ளிக்கோடு ஓடும்.

செலக்ட் மெனுவில் 'ஃபெதர்' என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒன்று அல்லது இரண்டு பிக்சல் கொடுங்கள். கத்தரிக்கோல் வைத்ததுபோன்ற கூர்மை குறையும். அடுத்து லேயர்மேல் வலது சொடுக்கி 'ஆட் லேயர் மாஸ்க்', அதில் 'செலக்‌ஷன்' என்ற விருப்பம். அவ்வளவுதான், பழம் மட்டும் நிற்கும், சுற்றிலும் கட்டம் போட்ட வெற்றிடம் தெரியும்.

வெட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அடியில் ஒரு புது லேயர் போட்டு அடர் சிவப்பு நிரப்புங்கள். கட்டம் போட்ட வெற்றிடத்தில் தெரியாத பிசிறெல்லாம் சிவப்பின்மேல் பளிச்சென்று தெரியும். பிறகு பச்சை நிரப்பிப் பாருங்கள், இன்னும் சில பிசிறுகள் தெரியும். லேயர் பட்டியலில் மாஸ்கின் சிறுபடத்தைச் சொடுக்கிவிட்டு, டி விசையைத் தட்டினால் கறுப்பும் வெள்ளையும் வண்ணங்களாக வரும், எக்ஸ் விசை அவற்றை மாற்றி மாற்றித் தரும். சிறிய, மென்மையான பிரஷால் பிசிறுகளைக் கறுப்பால் மறையுங்கள், குறைந்துபோன இடத்தை வெள்ளையால் மீட்டெடுங்கள். இந்தப் பயிற்சியை வெவ்வேறு பொருள்களில் செய்து கை பழகிய பிறகு ஆட்களிடம் வாருங்கள்.

ஆட்கள்: உடல் எளிது, முடிதான் கடினம்

தோள், கை, சட்டை இவற்றுக்குப் பாத்ஸ் போதும். தானாகத் தேர்ந்தெடுக்கும் 'ஃபோர்கிரவுண்ட் செலக்ட்' என்ற கருவியும் கிம்ப்பில் உண்டு. ஆளைச் சுற்றி ஒரு தோராயமான கோடு போட்டு என்டர் தட்டி, ஆள்மேல் தாராளமாகத் தீற்றினால், எது ஆள் எது பின்னணி என்று அதுவே கணக்கிடும். பெரிய படங்களில் கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டி முடித்ததும் மறக்காமல் பார்க்க வேண்டிய ஓட்டைகள் சில. இடுப்பில் கைவைத்து நின்றால் கைக்கும் உடம்புக்கும் நடுவே பழைய பின்னணி ஒளிந்திருக்கும். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் இடையிலும் அப்படியே. மூக்குக்கண்ணாடியின் ஓரத்திலும் பழைய சுவர் தெரியும். மெல்லிய வாயில் புடவையின் முந்தானை வழியே பின்னால் இருப்பது தெரிகிறதா? அந்த இடத்தில் மாஸ்கைச் சாம்பல் நிறத்தால் பூசினால் புதிய பின்னணியும் அப்படியே கசிந்து தெரியும்.

முடிக்கு வருவோம். ஒவ்வொரு இழையாக வெட்டியெடுக்க யாராலும் முடியாது. வெளிர் சுவருக்கு முன்னால் எடுத்த கருங்கூந்தல் படமென்றால், வெட்டவே வேண்டாம். ஆள் லேயரை அப்படியே ஒரு நகல் எடுத்து, நகலின் மாஸ்கை நீக்கிவிட்டு, அதை ஆளுக்குக் கீழே, புதிய பின்னணிக்கு மேலே வையுங்கள். லேயர் பட்டியலின் மேலே இருக்கும் 'மோட்' பெட்டியில் நார்மலுக்குப் பதிலாக 'மல்டிப்ளை' தேர்ந்தெடுங்கள். மல்டிப்ளையின் கணக்கு எளிது: வெள்ளையாக இருப்பது மறைந்துபோகும், கறுப்பு அப்படியே நிற்கும். சுவர் வெள்ளையானால் சுவர் மறையும், முடி மட்டும் புதிய பின்னணிமேல் இழை இழையாக நிற்கும்.

சுவர் முழு வெள்ளையாக இருக்காது. கலர்ஸ் மெனுவில் வெளிச்ச அளவைச் சரிசெய்யும் 'லெவல்ஸ்' திறந்து, வெள்ளைப் புள்ளியை எடுக்கும் சொட்டுக்குழாயால் தலைக்குப் பக்கத்தில் சுவரைச் சொடுக்குங்கள், சுவர் வெளுத்துவிடும். இது நகல் லேயரில் மட்டும் செய்ய வேண்டியது. பிறகு நகலுக்கு முழுக் கறுப்பு மாஸ்க் போட்டு, தலையைச் சுற்றி முடி பறக்கும் இடத்தில் மட்டும் மென்மையான வெள்ளை பிரஷால் பூசுங்கள். மேலே உள்ள ஆள் லேயரின் மாஸ்கைத் தலையோரத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி, மென்மையாக மறைத்துவிடுங்கள். உள்முடி மேல்லேயரிலிருந்தும், பறக்கும் இழைகள் நகலிலிருந்தும் வந்து ஒன்றாகச் சேரும்.

இரண்டு எச்சரிக்கைகள். புதிய பின்னணி முடியைவிட வெளிச்சமாக இருந்தால்தான் இந்த வழி எடுபடும், இரவுக் காட்சிக்கு உதவாது. அடுத்து, தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் மல்டிப்ளையில் பூவும் வெள்ளையோடு வெள்ளையாக மறைந்துவிடும். ஆகையால் பூவை மேல்லேயரின் மாஸ்கில் கவனமாக உள்ளடக்கி வெட்டுங்கள்.

புதிய இடத்தைத் தேர்ந்தெடுப்பது

பின்னணிப் படத்தைக் கன்ட்ரோல் + ஆல்ட் + ஓ அழுத்தித் திறந்தால் தனி லேயராக வரும், அதை அடியில் இழுத்து வையுங்கள். நீங்களே எடுத்த படமாக இருந்தால் உரிமைச் சிக்கல் இல்லை. விக்கிமீடியா காமன்ஸிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே உள்ள உரிம விவரத்தைப் படியுங்கள். பலவற்றுக்கு எடுத்தவரின் பெயரைக் குறிப்பிடுவது கட்டாயம். கூகுள் தேடலில் வந்தது என்பதற்காக ஒரு படம் பொதுச்சொத்தாகிவிடாது.

அழகான இடம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் ஆள்மேல் விழும் வெளிச்சத்துக்கு ஏற்ற இடமாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது மூக்கின் நிழல். அது இடப்பக்கம் விழுந்தால் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. பின்னணியில் மரங்களின், தூண்களின் நிழலும் அதே பக்கம் விழ வேண்டும். மாறியிருந்தால் பின்னணியை இடவலமாகத் திருப்பிப் போடலாம், பெயர்ப்பலகை எழுத்து எதுவும் அதில் இல்லாமல் இருந்தால். ஆளைத் திருப்பாதீர்கள். முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், சட்டைப்பை இடம் மாறும், உறவுக்காரர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிழலே இல்லாத மந்தமான வெளிச்சத்தில் எடுத்த படமானால் மேகமூட்டமான நாளின் பின்னணி பொருந்தும். வீட்டுக்குள் டியூப்லைட்டில் எடுத்த படத்தை உச்சிவெயில் மெரினாவில் நிறுத்தினால் என்ன செய்தாலும் ஒட்டாது.

அடுத்தது கேமராவின் உயரம். கடற்கரைப் படத்தில் கடலும் வானும் சந்திக்கும் கோடு, படம் எடுத்தவரின் கண் உயரத்தைக் காட்டுகிறது. உங்கள் ஆளைக் கண்ணுக்கு நேராகக் கேமரா பிடித்து எடுத்திருந்தால், அந்தக் கோடு அவருடைய கண்மட்டத்தை ஒட்டி வர வேண்டும். இடுப்புக்குக் கீழே கோடு போனால் அவர் பெரிய கோபுரம்போல் நிற்பார். பின்னணியை மேலும் கீழும் நகர்த்தி இதைச் சரிசெய்துகொள்ளலாம்.

பாதம் தெரியும் முழு உருவப் படத்தைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். தரையில் விழும் நிழலை நம்பும்படி வரைய அனுபவம் வேண்டும். இடுப்பளவோ முழங்காலளவோ நறுக்கிய படமென்றால் அந்தத் தொல்லை இல்லை.

வெளிச்சத்தைச் சேர்ப்பது

வெட்டும் வேலை முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இனி வருவதற்குப் புதிய கண் வேண்டும்.

முதலில் வெளிச்சத்தின் அளவு. நிறங்கள் கண்ணை ஏமாற்றும் என்பதால் அவற்றைச் சிறிது நேரம் அகற்றிவிடுவோம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயர் போட்டுக் கறுப்பு நிரப்பி, அதன் மோடை 'எல்சிஹெச் கலர்' என்று மாற்றுங்கள். படம் முழுவதும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இப்போது ஆளின் தலைமுடியையும் பின்னணியில் மிக இருண்ட இடத்தையும் ஒப்பிடுங்கள். தூரத்துக் காட்சிகளில் கறுப்பு என்பதே சாம்பலாகத்தான் இருக்கும். ஆளின் கறுப்பு மிக அடர்த்தியாக நின்றால், ஆள் லேயருக்கு லெவல்ஸில் கீழ்வரிசை 'அவுட்புட்' அளவின் இடப்பக்க முக்கோணத்தைச் சற்றே உள்ளே தள்ளுங்கள். முகத்தின் வெளிச்சம் குறைவென்று தோன்றினால் மேல்வரிசையின் நடு முக்கோணத்தை அசைத்துப் பாருங்கள். சரியென்று பட்டதும் மேலுள்ள கறுப்பு லேயரின் கண் அடையாளத்தை அணைத்துவிடலாம்.

அடுத்து வெளிச்சத்தின் நிறம். மாலை வெயிலில் எல்லாமே பொன்னிறமாக இருக்கும், நிழல் பகுதி நீலம் பாரிக்கும். ஆள் லேயரைத் தேர்ந்தெடுத்துக் கலர்ஸ் மெனுவில் 'கலர் டெம்பரேச்சர்' திறந்து மெல்ல நகர்த்துங்கள். சரியென்று தோன்றும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்கி நிறுத்துவது நல்லது, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அந்த நிறத்துக்குப் பழகி மேலும் மேலும் கூட்டச் சொல்லும்.

பழைய சுவரின் நிறம் கன்னத்தில் ஒட்டியிருந்தால் இப்போது போக்கலாம். ஆள் லேயரில், மாஸ்கைத் தொடாமல் படத்தின் சிறுபடத்தைச் சொடுக்கிக்கொண்டு, பெயிண்ட்பிரஷின் மோடை 'எல்சிஹெச் கலர்' ஆக்குங்கள். பக்கத்திலுள்ள நல்ல தோல் நிறத்தைக் கன்ட்ரோல் அழுத்திச் சொடுக்கி எடுத்து, 'ஒபாசிட்டி'யை (பூச்சின் அடர்த்தியை) 30 அளவுக்குக் குறைத்து ஓரத்தில் லேசாகத் தடவுங்கள். வெளிச்சமும் நிழலும் மாறாமல் நிறம் மட்டும் மாறும். இது படத்தையே தொடும் வேலை, அதனால் முன்கூட்டியே லேயரின் நகல் ஒன்றை எடுத்து அணைத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பின்னணி ஆளைவிடக் கூர்மையாக இருந்தால் கண் அங்கேயே போகும். ஃபில்டர்ஸ் மெனுவில் 'பிளர்', அதில் 'காஸியன் பிளர்'. 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் 5 முதல் 10 வரை முயன்று பாருங்கள். 3.0 பதிப்பில் இதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் தயங்க வேண்டாம். கடைசியாகப் புள்ளிப்புள்ளியான சொரசொரப்பு. குறைந்த வெளிச்சத்தில் எடுத்த செல்போன் படத்தில் அது நிறைய இருக்கும், தரவிறக்கிய பின்னணி வழவழவென்று இருக்கும். 'நாய்ஸ்' என்ற ஃபில்டரால் பின்னணியிலும் சிறிது சொரசொரப்புச் சேர்த்தால் இரண்டும் ஒரே கேமராவில் எடுத்ததுபோல் ஆகிவிடும். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு, ஆனால் படம் நம்பும்படியாக மாறுவது பல நேரம் இங்கேதான்.

எதுவும் வேலை செய்யவில்லையா?

பிரஷால் பூசுகிறேன், எதுவும் நடக்கவில்லை என்பது தொடக்கநிலையாளர் எல்லாருக்கும் வருவது. எங்கேயோ ஒரு பழைய செலக்‌ஷன் மிச்சமிருக்கும், கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ தட்டி நீக்குங்கள். இல்லையென்றால் நீங்கள் வேறொரு லேயரில் நிற்பீர்கள், அல்லது மாஸ்குக்குப் பதிலாகப் படமே தேர்வாகியிருக்கும். மாஸ்கில் பூசுவதாக நினைத்துப் படத்தின்மேல் கறுப்பு விழுந்தால் இதுதான் காரணம். லேயரின் எல்லைக்கோட்டுக்கு வெளியே பூசினாலும் எதுவும் தெரியாது, லேயர் மெனுவில் 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுத்தால் எல்லை விரியும்.

ஒரே தட்டில் மாற்றித் தரும் செயலிகள்

பின்னணியைத் தானாக நீக்கும் இணையதளங்களும் செயலிகளும் இன்று நிறைய. ஐஃபோனில் ஆள்மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே தனியாக வந்துவிடுகிறார். விண்டோஸ் 11-இன் போட்டோஸ் செயலியிலும் இந்த வசதி உண்டு. அவசரத்துக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. கிடைக்கும் பிஎன்ஜி படத்தைக் கிம்ப்பில் கொண்டுவந்து, விளிம்பைச் சரிபார்த்து, வெளிச்சம் சேர்க்கும் வேலையை மேலே சொன்னபடி செய்யலாம். ஜிமிக்கி, விரலிடுக்கு, முடியோரம் இவற்றில் அவை தடுமாறும்.

ஆனால் குழந்தைகளின் படத்தையோ வீட்டுப் பெண்களின் படத்தையோ முகம் தெரியாத இலவச இணையதளங்களில் ஏற்றாதீர்கள். அந்தப் படம் எங்கே போய்ச் சேருகிறது, எவ்வளவு நாள் அங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கிம்ப் உங்கள் கணினிக்குள்ளேயே எல்லா வேலையையும் முடிக்கிறது, படம் வெளியே போவதில்லை. இதற்காகவே இதைக் கற்பது மதிப்புள்ளது என்பேன். அதேபோல் அடுத்தவர் படத்தை அவர் சம்மதமில்லாமல் வேறிடத்தில் நிற்பதாக மாற்றிப் பகிர்வது அவருக்கு ஆபத்தாக முடியலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களுக்கு மென்பொருளால் திருத்திய படத்தைக் கொடுக்கக் கூடாது. வெள்ளைச் சுவர் முன்னால் நின்று எடுத்த அசல் படத்தையே கொடுங்கள். கிம்ப் அங்கே அச்சுத்தாள் அடுக்குவதற்கு மட்டும் உதவும்: 35 × 45 மில்லிமீட்டர் படம் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 413 × 531 பிக்சல். 4 × 6 அங்குலத் தாள் 1200 × 1800 பிக்சல். தாளைப் படுக்கவைத்தால் நாலு நாலாக இரண்டு வரிசை, எட்டுப் படங்கள் அடங்கும்.

சேமிப்பதும் அச்சிடுவதும்

எக்ஸ்சிஎஃப் கோப்பை எப்போதும் வைத்திருங்கள், திருத்தம் வந்தால் அதைத்தான் திறக்க வேண்டும். பிறருக்கு அனுப்ப, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + இ அழுத்தி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சாதாரணப் படத்துக்கு ஜேபிஜி, தரம் 90 போதும். பின்னணியே இல்லாமல் வெற்றிடத்தோடு வேண்டுமென்றால் பிஎன்ஜி. ஜேபிஜியால் வெற்றிடத்தைத் தாங்க முடியாது. ஜேபிஜியைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபிஜியாகச் சேமித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும்.

செல்போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் பொதுவாக 4000 × 3000 பிக்சல் இருக்கும், 300 டிபிஐயில் ஏறக்குறைய 13 × 10 அங்குலம்வரை தெளிவாக அச்சாகும். கணினித் திரைகள் பெரும்பாலும் அதிக வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருப்பதால் அச்சில் படம் நினைத்ததைவிட இருண்டு வரும். பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டக் கொடுக்கும் முன் அதே கடையில் 4 × 6 அளவில் ஒன்று அச்சிட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முகம் இருட்டாகத் தெரிந்தால் லெவல்ஸில் நடு முக்கோணத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, மறுபடி எக்ஸ்போர்ட் செய்து கொடுங்கள்.